வால் பக்கம் வைத்த குமிழ்

1

தர்ஷன், யாழினி, உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். அப்பா பத்தாவதோடு நின்றவன். நீட்டி எழுதிப் பழக்கமில்லை. வாயாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் தர்ஷனுக்குக் குளிக்கும் நேரம் வந்துவிடுகிறது. யாழினியோ ஒரு வரி முடிவதற்குள் பத்துக் கேள்வி கேட்கிறாள். அதனால் எழுத்து. அறந்தாங்கியில் இருக்கும் உங்கள் அத்தையும் இதைப் படிப்பாள், படித்து அக்கம்பக்கத்தில் சொல்வாள். அவளுக்காகச் சில இடங்களில் உங்களுக்குத் தெரிந்ததையே விளக்குவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை யாழினிக்கு ஆறு வயது முடிந்தது. அவள் படிக்கும் பாலர் பள்ளியில் பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி ஊதுகிற வழக்கம் கிடையாது. நடுவில் ஒரு விளக்கை ஏற்றி வைக்கிறார்கள். அது சூரியன். பிள்ளை கையில் பூமி உருண்டையை ஏந்திக்கொண்டு அதைச் சுற்றி வர வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு வயது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்த வருஷம் பிள்ளை எப்படி இருந்தாள் என்று பெற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, அம்மா பிறந்த இடம் எது, அப்பா பிறந்த இடம் எது என்று வரைபடத்தில் பிள்ளையே தன் கையால் எடுத்துக் காட்ட வேண்டும்.

அந்தக் கடைசிப் பகுதிதான் என்னை ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாசிர் கூடாங் கரை வரை போவேன். எதிர்க்கரையில் சிங்கப்பூர் விளக்குகளைப் பார்ப்பேன், போன வேகத்தில் திரும்புவேன். உங்கள் அம்மா என்ன என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

2

அத்தைக்கு: மலேசியாவில் நாங்கள் இருக்கும் மாசாய் என்பது தொழிற்சாலைக்குப் போகிறவர்களின் ஊர். விடிவதற்கு முன்பே தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள் சத்தம். ஒரு பகுதி சிங்கப்பூருக்கு, ஒரு பகுதி பாசிர் கூடாங்கிற்கு. நான் பாசிர் கூடாங்கில், கப்பலில் ஏற்றும் சாமான்களை அடுக்க மரப் பேலட் அடிக்கும் இடத்தில் இருக்கிறேன். கலைவாணி இங்கேயே ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அவள் பிறந்தது இதே ஜோகூர் மாநிலத்துப் பெக்கோக்கில், ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பிள்ளைகள் இருவரும் ஜோகூரில் பிறந்தவர்கள். ஆக, வீட்டில் வேறு தேசத்துக்காரன் நான் ஒருவன்தான்.

இதைக் கண்டுபிடித்தது யாழினி. விசா புதுப்பிக்கும் சமயத்தில் கலைவாணி எல்லாப் பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பியிருந்தாள். யாழினி அவற்றைப் பிரித்து அடுக்கினாள். சிவப்பு ஒரு பக்கம், என்னுடைய நீலம் ஒரு பக்கம்.

"அம்மா, அப்பாவுது மட்டும் தண்ணி."

"என்ன தண்ணி?"

"நீலம்னா தண்ணி லா. டீச்சர் சொன்னாங்க. அப்பா தண்ணியில பொறந்தாங்களா?"

கலைவாணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். தர்ஷன் சிரிக்கவில்லை. அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

யாழினியின் டீச்சர் சரஸ்வதி ஒரு மூலை வீட்டை எடுத்து மொண்டிசோரி முறையில் பள்ளி நடத்துகிறார். பூகோளத்தை அவர் வாயால் தொடங்குவதில்லை. முதலில் ஓர் உருண்டையைக் கையில் கொடுக்கிறார். அதில் நிலமெல்லாம் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பு, கடலெல்லாம் வழவழப்பு. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும். பெயர்கள் பிறகுதான். அதற்கும் பிறகு களிமண். ஆயர் ஈத்தாம் பக்கம் போகும்போதெல்லாம் பானைக் கடைகளில் களிமண் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வருவார். ஒரு தட்டில் நடுவே மண்ணை வைத்துச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் தீவு. இன்னொரு தட்டில் சுற்றி மண்ணை வைத்து நடுவே ஊற்றினால் ஏரி.

யாழினி இதை வீட்டில் சோற்றில் செய்தாள். சோற்றைக் குவித்துச் சுற்றி ரசம் விட்டுத் தீவு என்றாள். பிறகு குழி பறித்து ஏரி என்றாள். இரண்டு கவளத்தை இழுத்து நடுவில் வாய்க்கால் விட்டு, "இது நம்ம நீரிணை, இந்தப் பக்கம் நம்ம வீடு, அந்தப் பக்கம் சிங்கப்பூர்" என்றாள்.

"சிங்கப்பூர முதல்ல சாப்பிடு, ஆறுது" என்றாள் கலைவாணி.

எனக்கு வியப்பாக இருந்தது. நான் படித்த பள்ளியில் உலக வரைபடம் தலைமையாசிரியர் அறையில் சுருட்டி வைத்திருக்கும். வருஷத்தில் சில நாள் அதைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார்கள். தொடுவதற்கு வாத்தியாரின் பிரம்புக்கு மட்டும்தான் உரிமை. மடிப்பு விழுந்து விழுந்து பெரிய கடல் ஒன்று நடுவே கிழிந்திருந்தது. மலேசியா எங்கே இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை. வாத்தியாரின் முழங்கைக்குப் பின்னால் இருந்திருக்கும்.

ஆனால் இந்தியாவின் உருவம் என் கையில் ஏறியிருந்தது. பரீட்சையில் வரைபடக் கேள்வி வரும் என்று பிளாஸ்டிக் அச்சை வைத்து வரைந்து வரைந்து, கடைசியில் அச்சு இல்லாமலேயே வரைவேன். நான் உருப்படியாக வாங்கிய மார்க்கு அது ஒன்றுதான்.

3

அந்தக் கை இங்கே வேலைக்கு வந்தது. மழைக்காலத்தில் பள்ளிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. வரைபட அலமாரியின் கீழ்த் தட்டில் ஆசியா இருந்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனி மரத்துண்டு, ஒவ்வொன்றுக்கும் பிடித்துத் தூக்க ஒரு குமிழ். இந்தியாவும் பக்கத்தில் சில குட்டி நாடுகளும் தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதிப்போயின. குமிழ்கள் கழன்று எங்கோ போய்விட்டன.

"தர்ஷன் அப்பா, நீங்க பலகை வேலைதானே செய்றீங்க. இதைச் செஞ்சு தர முடியுமா?" என்று டீச்சர் கேட்டார்.

தர்ஷனும் அங்கே படித்தவன்தான். அவருக்கு நான் இன்னும் தர்ஷன் அப்பாதான்.

நல்ல பிளைவுட் துண்டு ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். இந்தியாவை அறுக்கப் பழைய துண்டை வைத்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கடைசியில்தான் சட்டத்தில் பொருத்திப் பார்த்து ஓரத்தைச் சீவினேன். குட்டி நாடுகளுக்குக் குமிழ் வைத்தால் நாடே மறைந்துவிட்டது. அதனால் அவற்றுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. இந்தியாவுக்கு வந்தபோது என் கை தானாகக் கீழே போனது. அறந்தாங்கி இருக்கும் இடத்தைப் பார்த்து ஓட்டை போட்டேன். பின்னாலிருந்து திருகாணியை முடுக்கிக் குமிழை நிறுத்தினேன். அது தப்பு என்று தோன்றவே இல்லை. யாழினி தினமும் தொடப்போகிற துண்டு. தொடுகிற இடம் நம் ஊராக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் யாழினி வந்து சொன்னாள்:

"அப்பா, இந்தியா ஆடுது."

வாலைப் பிடித்துத் தூக்கினால் வடக்குப் பக்கம் கனத்துச் சாய்கிறது. சட்டத்துக்குள் நேராக இறங்குவதில்லை. பிள்ளைகள் அதற்கு 'ஆடுற நாடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேலட் அடிப்பவனுக்கு எடை எங்கே தாங்கும் என்று தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் நான் பேலட் அடிப்பவனாக இல்லை.

டீச்சர் கோபிக்கவில்லை. "குமிழ் தலைநகர் இருக்கிற இடத்துல வரணும் தர்ஷன் அப்பா. பிள்ளைங்க கைக்கு அப்படித்தான் தலைநகர் பழகும். நேரம் கிடைக்கும்போது மாத்திக் குடுங்க, அவசரமில்ல" என்றார். சரி டீச்சர் என்றேன். மாற்றவில்லை. வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

4

இனி தர்ஷனுக்கு. நீ இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாமல் படி.

பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பு, வேலை விட்டு வரும் வழியில் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். உன் கூட்டாளி கவினின் அப்பா குமரன் வந்து எதிரில் உட்கார்ந்தார். லாரி ஓட்டுகிறவர். அவருடைய சின்ன மகளும் யாழினி வகுப்பில்தான் இருக்கிறாள்.

"அண்ணே, நீங்க பெக்கோக்காமே. இத்தன நாளா சொல்லவே இல்ல பாத்தீங்களா."

"யாரு சொன்னா?"

"உங்க மவன்தான். எங்கப்பாவும் அங்கதான் பால் மரம் வெட்டுனாரு. நீங்க மேல் லயமா, கீழ் லயமா?"

நான் தேநீரை ஆற்றுவது போல் கொஞ்ச நேரம் ஆற்றினேன். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

"கீழ் லயம்" என்றேன்.

"அதானே. ஆனா உங்க பேச்சு மட்டும் தமிழ்நாட்டு ஊர்க்காரவங்க மாதிரியே இருக்குண்ணே."

"ஃபேக்டரில ஊர்லேருந்து வந்தவங்க அதிகம். ஒட்டிக்கிச்சு."

அவர் சிரித்துக்கொண்டே என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். நான் வீட்டுக்கு வந்து கலைவாணியிடம் சொன்னேன்.

"என் ஊரத் தூக்கி உங்களுக்குக் குடுத்துருக்கான். சும்மா கெடைக்குது, வாங்கிக்குங்களேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவன்கிட்டப் பேசுங்க. அதட்டாதீங்க" என்றாள்.

நீ வாசலில் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் குந்தினேன்.

"பெக்கோக்குன்னு சொன்னியாமே."

நீ சங்கிலியை விடவில்லை. "ஆமா."

"அப்பா ஊரு சொல்ல வெக்கமாடா?"

"அப்படி இல்லப்பா."

"பின்ன?"

"கவினுதான் கேட்டான். உங்கப்பா பர்மிட் எப்ப முடியுது, முடிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்களே, நீயும் போயிருவியான்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் பர்மிட்டுல இல்ல. உங்கம்மா விசாவுல இருக்கேன்."

"அது எப்ப முடியும்?"

"முடியாது. புதுப்பிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"புதுப்பிக்கலன்னா?"

நான் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். நீ கறுத்த விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாய்.

"பெக்கோக்ல பொறந்தவங்கள யாரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்கப்பா. அதான் சொன்னேன்."

பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நீயே மறுபடி சொன்னாய். "யாழினி பர்த்டே அன்னைக்கு அம்மா மட்டும் பேசட்டும். கவின் அம்மாலாம் வருவாங்க. நீங்க வேலைக்குப் போங்க. ப்ளீஸ்ப்பா."

அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெட்கம் என்றால் அதட்டலாம். பயம் என்றால் என்ன செய்வது? இங்கே வந்த நாள் முதல் விசா கவுண்டரில் ஆபீசர், கடையில் சீனர், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், எல்லாரும் கேட்பது ஒன்றே: அசால் மானா. பூர்வீகம் எது என்று அர்த்தம். புதிதில் புரியாமல் ஆபீசரிடம் மாசாய் என்று சொல்லிவிட்டு, அவர் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உங்கள் அம்மா கூடவே வந்து, பக்கத்தில் நின்று, கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு அடுத்த முத்திரை விழும். எங்கள் எண்ணை அழைக்கும் வரை இருவரும் கையிலிருக்கும் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பயம் பெரியவர்களோடு நிற்கிறது, பிள்ளைகள் வரை எட்டவில்லை என்று நினைத்திருந்தேன்.

5

கரை வரை போவதும் வருவதுமாக நாள் ஓடியது. பிறந்தநாளுக்குப் போகாமல் இருந்தால் பையனுக்கு நிம்மதி. போகாவிட்டால் யாழினி எந்தத் துண்டைத் தூக்குவாள்? அம்மாவின் பெக்கோக்கையே இரண்டு முறையா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை முடிவு இல்லை. சனிக்கிழமை காலை உடுத்தியிருந்த வேலைச் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை போட்டேன். தர்ஷன் பார்த்தான். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்தவன் வழக்கம்போல் என் இடுப்பைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

பாயில் வட்டமாகப் பிள்ளைகள். சுவரோரம் பெற்றோர். குமரனும் அவர் மனைவியும் இருந்தார்கள். கவினும் வந்திருந்தான். சூரியனுக்கு டீச்சர் சின்னக் குத்துவிளக்கு வைத்திருந்தார். மின்விசிறியை நிறுத்திவிட்டதால் எல்லாருக்கும் வேர்த்தது.

யாழினி உருண்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் சுற்றில் கலைவாணி, "எங்க பாப்பா பொறந்து பத்து நாள் கண்ணே தொறக்கல, தூங்கிக்கிட்டே இருந்தா" என்றாள். அடுத்த சுற்று பல் முளைத்தது. அதற்கடுத்தது தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு வீட்டை ஏரியாக்கியது. ஐந்தாவது சுற்றில் கலைவாணி என் முழங்கையை இடித்தாள். நான் எழுந்தேன்.

"போன வருஷம் இவ சோத்துல தீவு செய்யக் கத்துக்கிட்டா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். என் பேச்சைக் கேட்டுக் குமரன் தலையைச் சாய்த்தது தெரிந்தது. கடைசிச் சுற்றில் யாழினியே, "இப்ப எனக்கு ஆறு வயசு, உருண்ட கனக்குது" என்று முடித்துவிட்டாள்.

அடுத்து வரைபடம். மலேசிய வரைபடத்திலிருந்து ஜோகூர்த் துண்டைத் தூக்கி வந்து, "அம்மா பெக்கோக்" என்று அதன் மேல் பகுதியில் விரலை வைத்தாள்.

"அப்பா எங்க பொறந்தாங்க?" என்று டீச்சர் கேட்டார்.

யாழினி என்னைப் பார்த்தாள். நான் தர்ஷனைப் பார்த்தேன். அவன் கதவோரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறந்தாங்கி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகு அது பெரிய சத்தமாகத் தோன்றியது. "தமிழ்நாட்டுல. இந்தியா."

அவள் ஆசியாவுக்குப் போய் அந்தக் குமிழைப் பிடித்துத் தூக்கினாள். துண்டு சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். வடக்குப் பக்கம் தொங்கி, அவள் மணிக்கட்டு திரும்பியது. பிள்ளைகள் "ஆடுற நாடு, ஆடுற நாடு" என்று கத்தினார்கள். யாழினிக்கு முகம் சிவந்துவிட்டது. பாயின் நடுவில் நின்றாள். முன்னால் போகவும் முடியவில்லை, கீழே வைக்கவும் மனமில்லை. நான் செய்த துண்டு. நான் எழுவதற்குள் தர்ஷன் பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு போனான்.

"விடாத. கெட்டியா புடி லா" என்றான்.

குனிந்து, கனத்த பக்கத்துக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தான். தங்கை வாலைப் பிடிக்க, அண்ணன் தலையைத் தாங்க, இருவரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து அதை டீச்சர் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள்.

"எந்த இடம்?" என்றார் டீச்சர்.

"கை புடிச்ச இடந்தான். அப்பா அங்கதான்" என்றாள் யாழினி.

கேக் வெட்டும்போது கவின் தர்ஷனிடம் போனான். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன்.

"நீ பெக்கோக்னு சொன்னியேடா."

"அம்மா பெக்கோக்."

"அப்பா?"

"அதான் சொன்னாங்கல்ல. காது இல்லையா ஒனக்கு?" என்றான் தர்ஷன். பிறகு கேக் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கவின் பின்னாலேயே போனான். சண்டையா, சமாதானமா, எனக்குத் தெரியவில்லை.

குமரன் என் பக்கத்தில் வந்து நின்றார். வடையைக் கடித்துக்கொண்டே, "கீழ் லயம் இவ்வளவு தூரமாண்ணே?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நம்ம தாத்தா பாட்டன்லாம் அந்தப் பக்கந்தான் எங்கயோ. எந்த ஊருன்னு கேட்டா வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களாச்சும் கரெக்டா சொல்றீங்க" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு வடை எடுக்கப் போனார். வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். பின்னால் தர்ஷன் கம்பியைத்தான் பிடித்திருந்தான். வேகத்தடையில் மட்டும் ஒரு முறை என் சட்டையைப் பிடித்தான்.

6

தர்ஷன், புதுப்பிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று நீ கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் நானும் உன் அம்மாவும் மறுபடி போய் எண் வாங்கி உட்கார வேண்டும். முத்திரை விழும் என்று நினைக்கிறேன். இதுவரை விழுந்திருக்கிறது. அதற்கு மேல் சொன்னால் அது கீழ் லயம் கதை மாதிரி ஆகிவிடும். நீ பயப்படாதே என்று சொல்லவும் முடியவில்லை, நானே பயப்படுகிறேன். ஆனால் இனி யாராவது கேட்டால் நான் பிறந்த இடத்தைத்தான் சொல்வேன். நீ உனக்கு வருகிற மாதிரி சொல்லிக்கொள்.

பிறந்தநாளுக்கு மறுநாள் ஞாயிறு நீங்கள் இருவரும் அம்மாவோடு பெக்கோக்கிற்கு மாமா வீட்டுக்குப் போனீர்கள். எனக்கு மதியம் வரை ஓவர்டைம். திரும்பி வந்தபோது வீட்டில் யாருமில்லை. டீச்சரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த இந்தியாவை எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து திருகாணியைக் கழற்றினேன். குமிழ் கையோடு வந்தது. டில்லி இருக்கும் இடத்தை அளந்து, அங்கே ஓட்டை போட்டு, குமிழை முடுக்கினேன். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தேன். ஆடவில்லை. சட்டத்தில் நேராக இறங்கும்.

கீழே அறந்தாங்கி இருக்கும் இடத்தில் பழைய ஓட்டை இருந்தது. மரத்தூளில் பசையைக் குழைத்து அதை அடைத்தேன். காய்ந்ததும் மேலே வண்ணம் பூசினேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இன்னொரு பூச்சு பூசி, வழவழப்பாக்க வேண்டும். உப்புத்தாளைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு துண்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டினேன். வழவழப்பாகவே வந்தது. கீழே வந்ததும் சொரசொரத்தது.